எல்லாரையும் பாஸாக்கிய வீடு

போன மாதம், நான் வேலை பார்த்த கல்லூரியில் ஒரு பொம்மைக்குத் திறப்பு விழா நடத்தினார்கள். ஆள் உயரப் பொம்மை. கட்டிலில் படுத்திருக்கும். தலைமாட்டில் இருக்கிற பொத்தானை அழுத்தினால் இருமும். இரண்டாவது பொத்தானை அழுத்தினால் சளியோடு இருமும். மூன்றாவது பொத்தானுக்கு முனகும். சமூக நலவாழ்வுப் பட்டப்படிப்பு படிக்கிற பிள்ளைகள் இனிமேல் குடிசை நிறைந்த பஸ்தி பஸ்தியாக அலைய வேண்டியதில்லை, நோயாளி ஏசி அறையிலேயே கிடைப்பார் என்று புது முதல்வர் பேசினார். எல்லாரும் கை தட்டினார்கள். யாரோ பொத்தான் மேல் சாய்ந்துவிட்டதால் பொம்மையும் ஒரு தடவை இருமியது.

பழைய ஊழியர் என்று என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். "பஷொந்தி திதி, உங்க கள அனுபவத்தைப் பத்தி ரெண்டு வார்த்தை" என்று மைக்கைக் கையில் திணித்தார்கள். திதி என்றால் வங்காள மொழியில் அக்கா. எதிரில் நாலு பேருக்கு மேல் இருந்தால் எனக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். "நல்லாப் படிங்க, செருப்பு நல்லதா வாங்கிக்குங்க" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டேன். பிறகு டீ குடிக்கும்போது இரண்டு மாணவிகள் வந்து, "திதி, நிஜ இருமலும் இந்த பொம்மை இருமற மாதிரியேதான் இருக்குமா?" என்று கேட்டார்கள். கிண்டல் இல்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்கள். அங்கே எனக்குப் பதில் வரவில்லை. அதனால் வீட்டுக்கு வந்து எழுதுகிறேன். எனக்குத் தமிழில்தான் எழுத வரும். அந்தப் பெண்களால் இதைப் படிக்க முடியாது என்பதும் ஒரு தைரியம்.

என் பெயர் வசந்தா. வங்காளிகளுக்கு 'வ' வராது என்பதால் வேலைக்காலம் முழுக்கப் பஷொந்தி. அப்பா துறைமுகத்தில் குமாஸ்தா. நான் கல்கத்தாவிலேயே ப்ளஸ் டூ வரை படித்து, கல்யாணமாகி, லேக் கார்டன்ஸில் ஒரு வாடகை வீட்டில் குடித்தனம் செய்துகொண்டிருந்தேன். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அந்தக் கல்லூரி புதிதாக இந்தப் பட்டப்படிப்பை ஆரம்பித்தது. மாணவர்களை வீடு வீடாக அழைத்துப்போக ஒரு களப் பணியாளர் தேவைப்பட்டது. நேர்முகத்தில் என்னிடம் கேட்ட ஒரே கேள்வி, "ஒரு நாளைக்கு எவ்வளவு தூரம் நடப்பீங்க?" என்பது. "கறிகாய் வாங்க கரியாஹாட் வரைக்கும் நடப்பேன்" என்றேன். வேலை கிடைத்துவிட்டது. மூன்று மாதம் பயிற்சி. கொசு எங்கே முட்டையிடும், உப்புச் சர்க்கரைக் கரைசல் எப்படிக் கலக்க வேண்டும், குழந்தையின் எடையைத் தராசில் எப்படிப் பார்க்க வேண்டும். அவ்வளவுதான் என் படிப்பு. மாணவர்களுக்கு மூன்று வருஷம். அவர்களுக்குக் கொசுவின் வாழ்க்கையை நாலு வண்ணப் பென்சிலில் வரையத் தெரியும்.

துறைத் தலைவர் சான்யால் ஸார். அவரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்லியாக வேண்டும். காலை பத்து பத்துக்கு வருவார். குடையை ஆணியில் மாட்டுவார். பைக்குள்ளிருந்து ஒரு மர ஸ்கேலையும் மூன்று பேனாவையும் எடுத்து மேஜையில் வரிசையாக வைப்பார். மாணவர்கள் நிரப்பிய படிவங்களை வரி வரியாக ஸ்கேலை வைத்து நகர்த்திப் படிப்பார். எழுத்துப் பிழைக்குப் பச்சைப் பேனா. மார்ஜினைத் தாண்டினால் நீலம். கட்டம் காலியாக இருந்தால் சிவப்பு. காலிக் கட்டத்தைக் கண்டால் அவருக்கு யாரோ செத்துப்போன மாதிரி முகம் வாடிவிடும். "தெரியவில்லை" என்றும் எழுதக் கூடாது. "விஞ்ஞானத்துல தெரியலைன்னு ஒரு பதில் கிடையாது" என்பார். கோபம் வந்தால் கத்த மாட்டார். குரல் இறங்கிக்கொண்டே போகும். அவர் திட்டுவது காதில் விழ நாம்தான் குனிந்து கிட்டே போக வேண்டும். பியூன் முதல் என் வரைக்கும் எல்லாரையும் 'நீங்கள்' என்றுதான் பேசுவார். மரியாதையாகத் திட்டு வாங்குவது தனி அனுபவம்.

படிவம் பதினான்கு பக்கம். அதற்குக் குடும்பக் கோப்பு என்று பெயர். ஒவ்வொரு மாணவருக்கும் ஒரு குடும்பம். மூன்று வருஷமும் மாதம் ஒரு தடவை போய், என்ன சாப்பிட்டார்கள், தண்ணீர் எங்கே பிடித்தார்கள், யாருக்கு என்ன உடம்பு என்று எழுதிவர வேண்டும். எங்கள் களம் டாக்குரியா ஸ்டேஷனைத் தாண்டி, ரயில் பாதையை ஒட்டிய பஸ்தி. தகரமும் மூங்கில் தட்டியும் ஓடுமாக முந்நூறு வீட்டுக்கு மேல். குறுக்கே ஒரு சாக்கடை, அதன் மேல் ஒரு பலகை. சான்யால் ஸார் பலகைக்கு இந்தப் பக்கம் கைப்பம்பு வரைக்கும் வருவார். கைக்குட்டையை மூக்கருகே வைத்துக்கொண்டு, "சமூகத்துக்குள்ள போங்க. சமூகம்தான் உங்க பாடப்புத்தகம்" என்று மாணவர்களைப் பலகைக்கு அந்தப் பக்கம் அனுப்புவார். நான் இருந்த காலத்தில் அவர் அந்தப் பலகையில் கால் வைத்ததில்லை.

பிள்ளைகளும் லேசுப்பட்டவர்கள் இல்லை. பலகையைத் தாண்டினதும் இடப்பக்கம் ஒரு டீக்கடை. முக்கால்வாசிப் பேர் அதற்கு மேல் போக மாட்டார்கள். அங்கேயே உட்கார்ந்து, சிங்காடா என்கிற சமோசா தின்றுகொண்டு, பதினான்கு பக்கத்தையும் கற்பனையிலேயே நிரப்புவார்கள். அவர்கள் எழுதியதை நம்பினால் அந்தப் பஸ்தியில் எல்லாரும் தினமும் பருப்பு, கீரை, மீன் என்று சரிவிகித உணவு சாப்பிட்டார்கள். ஒரு பையன் அறுபத்தெட்டு வயது விதவையை எட்டு மாதக் கர்ப்பிணியாக்கி, இரும்புச்சத்து மாத்திரையும் கொடுத்ததாக எழுதியிருந்தான். சான்யால் ஸார் அந்தப் பக்கத்தை ஸ்கேல் வைத்துப் படித்தார். ஹீமோகுளோபினில் ஓர் எழுத்து தப்பு என்று பச்சையில் சுழித்துவிட்டு, "மற்றபடி முழுமையான படிவம்" என்று எழுதினார். கிழவியிடம் போய் இதைச் சொன்னேன். "எட்டு மாசம் ஆயிடுச்சா? யாரும் எனக்குச் சொல்லவே இல்லையே" என்றாள்.

கை கழுவும் செய்முறை என்று ஒன்று நடத்துவோம். ஏழு படி. உள்ளங்கை, புறங்கை, விரல் இடுக்கு என்று வரிசையாகத் தேய்த்துக் காட்ட வேண்டும். நாங்கள் போகும் பதினோரு மணிக்குப் பஸ்திக் குழாயில் தண்ணீர் வராது. அதனால் மாணவிகள் வெறுங்காற்றில் கை கழுவுவார்கள். பெண்கள் வாசலில் குந்தி உட்கார்ந்து பார்ப்பார்கள். "இது ஏதோ பரதநாட்டியம் போல, பஷொந்தி ஊர்க்காரங்க ஆட்டம்" என்று ஒருத்தி சொன்னாள். அடுத்த வருஷத்திலிருந்து செய்முறைக்கு ஒரு வாளித் தண்ணீர் வேண்டும் என்று எழுதிக் கேட்டேன். செய்முறையின் நோக்கம் தேய்ப்பதுதான், நனைவது அல்ல என்று பதில் வந்தது.

இப்படி இருக்கிற இடத்தில் மூன்றாம் வருஷம் ஒரு செய்முறைப் பரீட்சை. வெளியூர்க் கல்லூரியிலிருந்து ஒரு பரீட்சகர் வருவார். மாணவர் ஒரு குடும்பத்தை அவர் எதிரில் நேர்காணல் செய்து, படிவத்தை நிரப்பிக் காட்ட வேண்டும். ஏதோ ஒரு வீட்டுக்குப் பரீட்சகரை அழைத்துப்போனால் நம் மானம் போய்விடும் இல்லையா? அதனால் சான்யால் ஸார் என்னைக் கூப்பிட்டு, "ஒரு மாதிரிக் குடும்பத்தைத் தயார் பண்ணுங்க" என்றார். மூன்று நிபந்தனை. வீடு சாக்கடைக்கு இந்தப் பக்கம் இருக்க வேண்டும். ஜன்னல் இருக்க வேண்டும். வீட்டுப் பெண் பரீட்சகர் எதிரில் அழக் கூடாது.

அப்படித்தான் ஷெஃபாலியைப் பிடித்தேன்.

ஷெஃபாலிக்கு அப்போது இருபத்தைந்து வயது இருக்கும். புருஷன் நிமாய் சைக்கிள் வேன் மிதிப்பவன். ஒரு மகன், இடுப்பில் ஒரு பெண் குழந்தை. ஷெஃபாலி வீட்டிலேயே டோங்கா ஒட்டுவாள், அதாவது பழைய காகிதத்தில் செய்கிற பொட்டலப் பை. பொரிக்கடைக்காரர்கள் வாங்கிக்கொள்வார்கள். எங்கள் கல்லூரியில் திருத்தி முடித்த பழைய கோப்புகளை எடைக்குப் போடுவார்கள். அவையும் சுற்றிச் சுற்றி அவளிடமே வந்து சேரும். எத்தனையோ நாள் டாக்குரியாவில் பொரி வாங்கித் தின்று முடித்த பிறகு, பையில் சான்யால் ஸாரின் பச்சைச் சுழியைப் பார்த்திருக்கிறேன்.

அவளுக்கு நான்தான் பதில்களைச் சொல்லிக்கொடுத்தேன். தண்ணீரைக் கொதிக்கவைத்துக் குடிக்கிறோம். குப்பையை மூடி வைக்கிறோம். மூன்று வாரத்துக்கு மேல் யாருக்கும் இருமல் இல்லை. படிவத்தில் இருக்கிற அதே சொற்களில், அதே வரிசையில். இருமல் கேள்விக்கு 'உண்டு' என்று போட்டால் ஒரு இணைப்புப் படிவத்தை மூன்று பிரதி நிரப்பி, சளி மாதிரி எடுத்து, சுகாதார மையத்துக்கு அனுப்பி, முடிவு வரும்வரை கோப்பை மூட முடியாது. அதனால் எங்கள் கோப்புகளில் யாருமே இருமியதில்லை. ரயில் பாதையோரக் கரியடுப்புப் புகையில் வாழும் முந்நூறு வீட்டில் ஒருவருக்கும் இருமல் இல்லை. வெளிநாட்டிலிருந்து யாரும் ஆராய்ச்சிக்கு வராதது ஆச்சரியம்தான்.

ஷெஃபாலி ஒரே மாதத்தில் பாடத்தைப் பிடித்துக்கொண்டாள். இரண்டாவது வருஷம் என்னை மிஞ்சிவிட்டாள். பயந்து நிற்கிற பையனிடம், "என்ன, மறந்துட்டியா? அடுத்தது கக்கூஸ் கேள்வி, கேளு" என்று எடுத்துக்கொடுப்பாள். பரீட்சகர் ஜன்னல் பக்கம் திரும்பினால், "காற்றோட்டம்னு எழுதிக்கோ" என்று கிசுகிசுப்பாள். ஒவ்வொரு ஜனவரியிலும் அவளுக்கு ஒரு சோப்பும் ஒரு பாக்கெட் பிஸ்கட்டும் கல்லூரி கொடுக்கும். அவளுக்கு அதுவா பெரிசு? "திதி, இதுவரைக்கும் நான் எத்தனை பேரைப் பாஸ் பண்ணியிருப்பேன்? உங்க சான்யால் பாபுகூட அவ்வளவு பேரைப் பண்ணியிருக்க மாட்டார்" என்பாள். உண்மைதான்.

ஏழு வருஷம் இப்படிப் போயிற்று. எட்டாவது வருஷம் டிசம்பரில் ஒரு நாள், வழக்கமான விசிட்டுக்குப் போனேன். கதவைத் தட்டக் கையைத் தூக்கும்போது உள்ளே இருமல் கேட்டது. நீளமான இருமல். "ஷெஃபாலி" என்று கூப்பிட்டேன். சட்டென்று நின்றுவிட்டது. கதவைத் திறந்தவள் கன்னம் ஒட்டி இருந்தாள்.

"என்ன, உடம்பு சரியில்லையா? இருமறியா?"

"மூன்று வாரத்துக்கு மேல் யாருக்கும் இருமல் இல்லை" என்றாள். படிவத்து வாக்கியம், அட்சரம் பிசகாமல். சொல்லிவிட்டுச் சிரித்தாள்.

நானும் சிரித்தேன். 'இல்லை' என்று எழுதிக்கொண்டேன்.

இதில் எனக்குச் சாக்குச் சொல்ல எதுவும் இல்லை. எனக்குத் தெரியும். பரீட்சைக்குப் பதினைந்து நாள்தான் இருந்தது. வேறு ஒரு குடும்பத்தைத் தயார் செய்ய மூன்று மாதம் ஆகும். அவ்வளவுதான் என் கணக்கு. பரீட்சை முடியட்டும், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். அன்று ராத்திரி வீட்டுக்காரரிடம் சொன்னதற்கு, "அவளே இல்லைங்கறா, நீ ஏன் இழுத்துவிடற?" என்றார். அவர் அப்படிச் சொல்வார் என்று தெரிந்துதான் அவரிடம் சொன்னேன்.

பரீட்சை நாள். ஷெஃபாலி வீட்டில் சான்யால் ஸார் முக்காலியில். பரீட்சகர் ஒரே நாற்காலியில், குளிருக்குக் குரங்குக் குல்லா போட்டுக்கொண்டு பாதித் தூக்கத்தில். நான் கதவருகே டீத் தட்டோடு. முதல் ஐந்து பேர் வந்து கேட்டு, எழுதி, பாஸாகிப் போனார்கள். ஷெஃபாலி தலை முந்தானையை வாய்வரை இழுத்துவிட்டுக்கொண்டு பதில் சொன்னாள். நடுநடுவே தண்ணீர் குடிக்கிற மாதிரி உள்ளே போய்வந்தாள். உள்ளே போனால் பாத்திரத்தை உருட்டுவாள். எதற்கு உருட்டுகிறாள் என்று அந்த அறையில் எனக்கு மட்டும்தான் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஆறாவதாக வந்தவள் ரூமா. கடைசி பெஞ்சு. கொசு வரைந்தால் குதிரை மாதிரி இருக்கும். அவள் படிவம் எப்போதும் சிவப்புப் பேனாவால் பூத்துக் குலுங்கும். எழுத்துத் தேர்வில் தட்டுத்தடுமாறித்தான் தேறியிருந்தாள். இதில் போனால் வருஷமே போய்விடும் என்று அவளுக்குத் தெரியும். மெதுவாக ஒவ்வொன்றாகக் கேட்டு வந்தாள். இருமல் கேள்வி வந்தது.

"மூன்று வாரத்துக்கு மேல் யாருக்கும் இருமல் இல்லை" என்றாள் ஷெஃபாலி.

ரூமா எழுதவில்லை. ஷெஃபாலியையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அண்ணி முறை சொல்லி, "பௌதி, இந்த பிளவுஸ் எப்பத் தைச்சது?" என்று கேட்டாள்.

"இந்தத் துர்கா பூஜைக்குத்தான். ஏன்?" என்று ஷெஃபாலி கொஞ்சம் பெருமையாகவே சொன்னாள்.

பூஜை போய் மூன்று மாதம்கூட ஆகவில்லை. தோளிலிருந்து அந்த பிளவுஸ் வழிந்து, கையில் தொங்கிக்கொண்டிருந்தது. சொன்ன பிறகுதான் அவளுக்கும் புரிந்தது. முந்தானையை இழுத்து மூடிக்கொண்டாள்.

"படிவத்துல பிளவுஸ் பத்திக் கேள்வி கிடையாது" என்றார் சான்யால் ஸார். குரல் இறங்க ஆரம்பித்திருந்தது.

"ஸார், இருமலுக்கு நான் 'உண்டு'ன்னு போடறேன்."

"பதில் சொல்றவங்க சொன்னதை எழுதறதுதான் முறை."

"அவங்க உள்ள போய் இருமறாங்க ஸார். எங்க சித்தப்பாவுக்கும் இப்படித்தான் ஆரம்பிச்சது. வாயில துணியை வெச்சுக்கிட்டுதான் இருமுவார்."

சான்யால் ஸார் பையிலிருந்து ஒரு ரப்பரை எடுத்து முக்காலியின் ஓரத்தில் வைத்தார். "நீங்க 'உண்டு'ன்னு எழுதியிருந்தா அழிச்சிடுங்க. எழுதலைன்னா 'இல்லை'ன்னு எழுதுங்க. காலியா மட்டும் விட வேண்டாம்." இதை அவர் சொன்னது யாருக்கும் கேட்டிருக்காது. நான் உதட்டைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன்.

ரூமா ரப்பரைத் தொடவில்லை. அழுதுவிடுவாள் போல் இருந்தாள். பரீட்சகர் விழித்துக்கொண்டு, "என்ன பிரச்சினை?" என்றார். "ஒண்ணுமில்லை, சின்னப் பொண்ணு, பதற்றம்" என்றார் ஸார். ஷெஃபாலி என்னைப் பார்த்தாள். 'இல்லைன்னு சொல்லு, திதி' என்று அந்தப் பார்வைக்கு அர்த்தம். ஏழு வருஷத்தில் அவள் என்னிடம் கேட்ட ஒரே உதவி அது.

எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளப் பார்த்தது. அறையில் என்னைத் தவிர எண்ணி நாலு பேர். நாலு பேர் வரைக்கும் எனக்குப் பேச வரும் என்று முன்னமே சொன்னேன் அல்லவா. சொல்லிவிட்டேன்.

"அது அவங்க பதில் இல்லை ஸார். என் பதில். நான்தான் சொல்லிக்கொடுத்தேன். எல்லா வருஷமும்."

சான்யால் ஸார் என் பக்கம் திரும்பாமலே, "பஷொந்தி, நீங்க போய் டீ கொண்டு வாங்க" என்றார்.

"டீ கையிலதான் ஸார் இருக்கு. அவங்களுக்கு இருமல் இருக்கு. போன மாசமே கேட்டேன். தெரிஞ்சேதான் 'இல்லை'ன்னு எழுதினேன்."

டீத் தட்டைக் கீழே வைக்க இடம் தெரியவில்லை. கடைசியில் பரீட்சகர்தான் எழுந்து வாங்கிக்கொண்டார். அவர் குல்லாவைக் கழற்றியபோதுதான் அவருக்குக் காது இருப்பதே தெரிந்தது. "எத்தனை நாளா?" என்று ஷெஃபாலியைக் கேட்டார். அந்தக் கேள்விக்கு நான் அவளுக்குப் பதில் சொல்லிக்கொடுத்திருக்கவில்லை. வாயைத் திறந்தாள், இருமல் வந்துவிட்டது. அந்த இரண்டு மாணவிகள் கேட்டதற்கு இதுதான் பதில்: நிஜ இருமலை நிறுத்தப் பொத்தான் கிடையாது. ஒருவர் நிறுத்தப் பார்க்கும்போதுதான் அது நிஜம் என்று தெரியும்.

எல்லாரும் போன பிறகு ஷெஃபாலி என்னை வாசலிலேயே நிறுத்தினாள். "உன் பசங்க பாஸ் ஆகணும்னு நான் ஏழு வருஷம் பொய் சொன்னேன். எனக்காக ஒரே ஒரு தடவை உன்னால சொல்ல முடியலையா?"

"உனக்காகத்தான் சொன்னேன்."

"எனக்காகவா? நாளைக்கு எந்தப் பொரிக்கடைக்காரன் என் டோங்காவைத் தொடுவான்? நீ தொடுவியா?" என்று கதவைச் சாத்திக்கொண்டாள்.

அவள் மறைத்ததற்குக் காரணம் அதுதான். அவளுக்கு என் பாடம் ஒரு நல்ல மூடியாக இருந்தது. அதைச் செய்துகொடுத்தவள் நான்.

மூன்று நாள் அவள் கதவைத் திறக்கவில்லை. நாலாம் நாள் நிமாய் திறந்தான். அவன் கெஞ்சின பிறகு சளி மாதிரிக்கு ஒத்துக்கொண்டாள். முதல் நாள் ஒன்று, மறுநாள் காலையில் எழுந்ததும் பல் விளக்குவதற்கு முன் ஒன்று, மையத்துக்கு வந்த இடத்தில் ஒன்று என்று மூன்று மாதிரி. காலை மாதிரி டப்பாவை டோங்காக் கட்டுக்குள் மறைத்துக் கொண்டுவந்தாள். மூன்றில் இரண்டில் காசநோய்க் கிருமி தெரிந்தது. அப்போது நேரடிக் கண்காணிப்புச் சிகிச்சை புதிதாக வந்திருந்தது. நோயாளியின் பெயர் எழுதிய ஒரு பெட்டியில் முழுச் சிகிச்சைக்கும் மாத்திரை இருக்கும். முதல் இரண்டு மாதம், ஒன்று விட்டு ஒரு நாள், வாரம் மூன்று தடவை. ஒவ்வொரு தடவையும் ஏழு மாத்திரை. ஒருவர் எதிரில் நின்று, விழுங்கியதைப் பார்த்து அட்டையில் குறிக்க வேண்டும். அந்த ஒருவராக நான் பெயர் கொடுத்தேன்.

அவள் என்னோடு பேச மாட்டாள். கையை நீட்டுவாள், விழுங்குவாள், வாயைத் திறந்து காட்டுவாள், கதவை மூடுவாள். "சிறுநீர் சிவப்பாப் போகும், மருந்தோட சாயம்தான், பயப்படாதே" என்று நான் கதவிடம்தான் சொன்னேன். பிள்ளைகளையும் மையத்தில் காட்டினோம். நல்லவேளை, அவர்களுக்கு ஒன்றும் இல்லை.

விஷயம் ஒரு வாரத்தில் வெளியே வந்துவிட்டது. பஸ்திக்காரர்கள் யாரும் சொல்லவில்லை. மூன்று வருஷம் நலவாழ்வு படித்த எங்கள் பிள்ளைகள்தான் டீக்கடையில் உட்கார்ந்து பரப்பினார்கள். பொரிக்கடைக்காரர் டோங்கா வேண்டாம் என்றுவிட்டார். காகிதத்தால் காசநோய் பரவாது என்று அவருக்குச் சொன்னேன். "உங்க காலேஜ் பசங்களே என் கடைக்கு வர்றதை நிறுத்திட்டாங்களே" என்றார். மறுநாளிலிருந்து ரூமா தினமும் அந்தக் கடைக்குப் போய், மிச்சமிருந்த ஷெஃபாலியின் பையிலேயே போடச் சொல்லி வாங்கி, கடை வாசலிலேயே நின்று பொரி தின்றாள். முதல் நாள் கொஞ்சம் பயமாகத்தான் இருந்தது என்று பிறகு ஒத்துக்கொண்டாள். ஒரு மாதம் தின்றாள். அதற்குள் கடைக்காரருக்கும் வேறு பை கட்டுப்படியாகாமல், மறுபடி ஷெஃபாலியிடமே வாங்க ஆரம்பித்தார்.

ரூமா பரீட்சையில் தேறவில்லை. நேர்காணல் நின்றுபோனதால் நாலு கட்டம் காலி. பரீட்சகர் மதிப்பெண் போட்டிருந்தாராம். ஆனால் 'படிவம் முழுமையற்றது' என்று சிவப்பில் எழுதி, ஆறு மாதம் கழித்து மறுதேர்வு எழுத வைத்தார்கள். இப்போது ஒரு மாவட்ட ஆஸ்பத்திரியில் காசநோய்ப் பிரிவில் இருக்கிறாள். எனக்கும் ஒரு மெமோ வந்தது. 'சமூகத்தைத் தவறாக வழிநடத்தியமைக்காக' நாலு மாதம் துறையின் அருங்காட்சியகத்தில், ஜாடிக்குள் இருக்கிற கொசுக்களைத் தூசி தட்டும் வேலை. மதிய இடைவேளையில் ஆட்டோ பிடித்து மாத்திரை கொடுத்துவிட்டு வருவேன்.

அந்த வருஷ ஆண்டறிக்கையில் ஒரு முழுப் பக்கம் வந்தது. துறையின் தீவிரக் கண்காணிப்பால் காசநோய் கண்டறியப்பட்டதாம். கைப்பம்பு அருகே சான்யால் ஸார் நிற்கிற புகைப்படமும் இருந்தது. கைக்குட்டை மட்டும் பாக்கெட்டில்.

ஆறு மாதத்தில் ஷெஃபாலியின் சளியில் கிருமி இல்லை. பிளவுஸையும் திருப்பித் தைக்க வேண்டியிருக்கவில்லை, உடம்பே வந்து அதை நிரப்பிக்கொண்டது. கடைசி மாத்திரை அன்று, "போதுமா?" என்று கேட்டாள். ஆறு மாதத்தில் என்னோடு பேசிய முதல் வார்த்தை.

அடுத்த டிசம்பரில் சான்யால் ஸார் என்னைக் கூப்பிட்டார். "அதே வீடு இருக்கட்டும். குணமான நோயாளி, இன்னும் விசேஷம். தயார் பண்ணுங்க" என்று புதுக் கோப்பு ஒன்றைக் கொடுத்தார். கொடுக்கும்போது முகத்தில் ஒரு சுருக்கம்கூட இல்லை. 'முடியாது' என்று சொல்லிவிட வேண்டும் என்றுதான் நினைத்தேன். சொல்ல வரவில்லை. கோப்பை எடுத்துக்கொண்டு போனேன்.

ஷெஃபாலி பசை தடவிக்கொண்டிருந்தாள். வாசலில் நின்றபடியே கோப்பைத் திறந்தேன். கையில் பேனாவோடு, பழக்கதோஷத்தில், முதல் பக்கத்திலிருந்து தொடங்காமல் அந்தக் கேள்விக்கே போய்விட்டேன்.

"இருமல் இருக்கா?"

அவள் தலை நிமிரவில்லை. "பதில் யாருக்கு? காலேஜுக்கா, உனக்கா?"

வெகுநேரம் யோசித்தேன் என்று சொன்னால் பொய். கோப்பை மூடினேன். "எனக்கு."

"இருமல் இல்லை. நிஜமா இல்லை." பசைக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு பாயின் ஒரு மூலையைத் தட்டிவிட்டாள். "அப்படின்னா உள்ள வந்து உக்காரு. எம் பொண்ணுக்குத் தட்டம்மை ஊசி போடவே இல்லை. வருஷா வருஷம் காட்டற கார்டு பக்கத்து வீட்டுப் பொண்ணோடது. பேர் இருக்கற இடத்துல விரலை வெச்சுக்கிட்டுக் காட்டுவேன். இத்தனை வருஷத்துல ஒருத்தர்கூட விரலை எடுன்னு சொன்னதில்லை. முதல்ல அதுல இருந்து ஆரம்பி."

உட்கார்ந்தேன்.